கருப்பட்டியின் தோளில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள்

(அத்தியாயத்தின் எழுத்து வடிவம். மயிலாடியில் பதிவு செய்தது. திரும்பத் திரும்ப வந்த சில வரிகளை மட்டும் எடுத்துவிட்டு, பேச்சை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)



எங்க குதிரை பேரு கருப்பட்டி. நிறத்தைப் பாத்து மகள் வச்ச பேரு. மட்டக்குதிரை. தரையிலேருந்து முதுகு மேடு வரைக்கும் 39 அங்குலம்தான். நம்ம சாப்பாட்டு மேசையைவிடக் கொஞ்சம் உயரம், அவ்வளவுதான். அதோட ரெண்டு தோள்லயும் எட்டணா அளவுக்கு ஒவ்வொரு வெள்ளைப் புள்ளி இருக்கு. பாக்கிற பிள்ளைங்க "அழகா இருக்கு மாமா, பொட்டு வச்ச மாதிரி"ன்னு சொல்லும். அது பிறவியில வந்த புள்ளி இல்ல. நான் போட்டது. வார் உராய்ஞ்சு தோல் போயி, ஆறினதுக்கப்புறம் அந்த இடத்துல முடி வெள்ளையாத்தான் முளைச்சுது. இனி அது மாறாது. உள்ள இருக்கிற நிறம் கொடுக்கிற அணுக்கள் செத்துப்போச்சுன்னு டாக்டரம்மா சொன்னாங்க.

அந்தப் புள்ளி எப்படி வந்தது, அதுக்கப்புறம் அந்தக் குதிரைக்கு உறுத்தாத ஒரு வார் கிடைக்க நான் என்ன பாடு பட்டேங்கிறதைத்தான் இன்னைக்குப் பேசப் போறேன். கூப்பிட்டப்போ "கல்லு வேலையைப் பத்திப் பேசுங்க"ன்னுதான் கேட்டாங்க. அதைப் பேச மயிலாடியில நூறு பேரு இருக்காங்க. வீட்டுக்கு வீடு உளிச் சத்தம் கேக்கிற ஊரு. நான் இதைப் பேசுறேன்னு சொன்னேன்.

நானும் முப்பது வருஷம் கல்லுல வேலை பாத்தவன்தான். முன்னாடி உளியும் சுத்தியலும் மட்டும் இருந்தப்போ தூசு அளவா இருந்துது. கட்டிங் மெஷின், கிரைண்டர் எல்லாம் வந்தப்புறம் பட்டறையில ஆளு முகம் தெரியாது. இருமல் நிக்கல. படம் எடுத்துப் பாத்துட்டு, இனிமே தூசுப் பக்கம் போகாதேன்னுட்டாங்க. சரி, வேற பொழைப்பு பாக்கணும். திருவிழாவுக்குத் திருவிழா பிள்ளைங்களை ஏத்திச் சுத்துற சின்னக் குதிரை வண்டி ஒண்ணு விடலாம்னு ஒரு யோசனை. சுசீந்திரம் தேரோட்டம், மருங்கூர் முருகன் கோயில், சாமித்தோப்பு, பக்கத்து ஊரு கோயில் கொடைகள், சர்ச் திருவிழாக்கள்னு நம்ம பக்கம் வருஷம் பூரா ஏதாவது ஒண்ணு நடந்துட்டே இருக்கும். மச்சான் ஒருத்தன் அந்தியூர் ஆடிச் சந்தைக்குப் போயிட்டு வந்து சொன்ன கதைதான் ஆசையைக் கிளப்பிவிட்டுது. குருநாதசாமி கோயில் விழாவுல கூடுற அந்தச் சந்தையில குதிரைங்கதான் விசேஷம். அங்கே பழக்கமான ஒருத்தர் மூலமா கருப்பட்டி எங்க வீட்டுக்கு வந்துது. குட்டியானை வண்டியில குட்டிக்குதிரை வந்து இறங்கினதை ஊரே பாத்துச் சிரிச்சுது.

குதிரை வந்தாச்சு, வண்டி? இங்கதான் முதல் தப்பு.

நாஞ்சில் நாட்டுல எல்லாருக்கும் மாடு தெரியும். வயல்காடு, உழவு, வைக்கோல் வண்டி. வயசானவங்களுக்கு இன்னும் நுகத்தோட கனம் கையில ஞாபகம் இருக்கும். குதிரை வண்டி பூட்டத் தெரிஞ்சவங்க கிட்டத்தட்ட யாருமே இல்ல. ஜட்கா ஓடின காலத்து ஆளுங்க போயாச்சு. அதனால மாட்டு வண்டி செய்யத் தெரிஞ்ச ஒரு பெரியவர்கிட்டதான் போனேன். கை சுத்தமான ஆளு. "ஒத்த மாட்டு வண்டி மாதிரிதான மக்களே, சின்னதா செஞ்சிருவோம்"னாரு. செஞ்சும் கொடுத்தாரு. 26 அங்குல சைக்கிள் சக்கரம் ரெண்டு, ரெண்டு பக்கமும் ஏர்க்கால், பலகை, மேல சின்னக் கூரை. பாக்க லட்சணமா இருந்துது.

மாட்டுக்குத் திமில் இருக்கு. நுகம் திமிலுக்கு முன்னாடி உக்காரும், மாடு தலையைத் தாழ்த்தி அதைத் தள்ளும். அதுலயும் புண்ணு வராதுன்னு இல்ல. நுகம் பட்டு காய்ப்புப் பிடிச்ச கழுத்தை நாம எல்லாரும் பாத்திருக்கோம். பெங்களூரு ஐ.ஐ.எம்.மோட முதல் இயக்குநரா இருந்த என்.எஸ். ராமசாமி, அவ்வளவு பெரிய பதவியில இருந்த மனுஷன், மாட்டு வண்டியையும் நுகத்தையும் எப்படித் திருத்துறதுன்னு வருஷக்கணக்கா பேசிட்டும் எழுதிட்டும் இருந்தாரு. நம்ம பாட்டன்மாரு அதை ஒரு விஷயமாவே எடுத்துக்கல.

குதிரைக்குத் திமில் கிடையாது. அதோட பலம் நெஞ்சுலயும் தோள்லயும், பின்னங்கால்லயும்தான். அதனால வாரை நெஞ்சுக்குக் குறுக்கே போடணும். இந்த அளவுக்கு எனக்கும் தெரியும். ஆனா நெஞ்சுல எந்த இடத்துல?

இங்க என் தொழிலே என்னைக் கவுத்துது. நான் கல்லுல எத்தனையோ குதிரை செதுக்கியிருக்கேன். சின்ன வயசுல ஆசிரியரோட ஸ்ரீரங்கம் போயி சேஷராயர் மண்டபத்துல முன்னங்காலைத் தூக்கி நிக்கிற குதிரைங்களை நாள் முழுக்கப் பாத்துக்கிட்டு நின்னவன். கல் குதிரைக்குக் கழுத்தடியில ஒரு அலங்காரப் பட்டை ஓடும். அது கண்ணுல அப்படியே பதிஞ்சிருந்துது. கருப்பட்டிக்கும் நான் அங்கேதான் கட்டினேன். கழுத்து நெஞ்சோட சேர்ற இடத்துல, நல்லா மேல. அப்புறம்தான் புரிஞ்சுது, அந்தக் கல் குதிரையெல்லாம் சவாரிக் குதிரை. அந்தப் பட்டை சேணம் பின்னால வழுக்காம இருக்கவும் அழகுக்கும் உள்ளது. வண்டி இழுக்க உள்ளது இல்ல. கல்லுக்கு மூச்சு முட்டாது. இதுக்கு முட்டும்.

முதல் ரெண்டு மாசம் ஒண்ணும் தெரியல. தெரியலன்னா, நான் பாக்கல. இப்போ யோசிச்சா அது எல்லாத்தையும் சொல்லியிருக்கு. வாரை எடுத்துக்கிட்டுப் போனா காதை ரெண்டையும் பின்னால மடக்கும். நான் "சோம்பேறி"ன்னு சொல்லிச் சிரிப்பேன். ஏத்தத்துல ஒரு மாதிரி கொர்ருன்னு சத்தம் வரும். இன்னொண்ணு, ஓடி முடிஞ்சு சேணத்தைக் கழட்டினா முதுகு பூரா வேர்த்திருக்கும், நடுவுல ரெண்டு இடம் மட்டும் காஞ்சு கிடக்கும். "பரவால்ல, இங்க வேர்க்கல"ன்னு நினைச்சேன். நேர் எதிர். அந்த இடத்துலதான் ரத்தம் ஓட முடியாத அளவுக்கு அழுத்தம் விழுது, வேர்வைச் சுரப்பியே வேலை செய்யலன்னு அர்த்தம். குதிரை வச்சிருக்கிறவங்க யாராவது கேட்டுட்டு இருந்தா, இன்னைக்கு சாயங்காலமே சேணத்தைக் கழட்டினதும் இந்தக் காஞ்ச இடம் இருக்கான்னு பாருங்க.

அப்புறம் சொத்தவிளை. ஞாயித்துக்கிழமை சாயங்காலம், கடற்கரையில கூட்டம். மணல்ல ஒரு சுத்து விடலாம்னு ஆசைப்பட்டு இறக்கிட்டேன். நானும் மேல உக்காந்திருக்கேன், மூணு பிள்ளைங்களும். கருப்பட்டி இழுத்துது. நல்ல மனசு உள்ள ஜீவன், முடியலன்னு நிக்காது. நாலு ஞாயிறு அப்படி. நாலாவது ஞாயிறு ராத்திரி வீட்டுல வந்து வாரை அவுக்கிறேன், வாரோட சேந்து தோலும் வந்துது. ரெண்டு தோள்லயும். முதுகு மேட்டுல வீக்கம்.

என் வீட்டுக்காரி லைட்டைப் பிடிச்சிக்கிட்டு நின்னா. ஒண்ணும் பேசல. உள்ள போயி மஞ்சளை எடுத்துட்டு வந்தா. அப்புறமா ராத்திரி படுக்கும்போது கேட்டா, "உங்க இருமலுக்கு டாக்டர் வேலையை நிறுத்தச் சொன்னாவ, நிறுத்தினிய. இதுக்கு யாரு சொல்லணும்?"

மறுநாள் அரசு கால்நடை ஆஸ்பத்திரி. டாக்டரம்மா புண்ணைக் கழுவி மருந்து போட்டாங்க, ஊசி போட்டாங்க. "புண்ணுக்கு நான் மருந்து தாறேன். புண்ணு வந்த காரணம் உங்க வண்டியில இருக்கு, அதுக்கு என்கிட்ட மருந்து இல்ல. முழுசா ஆறுற வரைக்கும் ஒரு கயிறுகூட அது மேல படக்கூடாது"ன்னாங்க. அஞ்சு வாரம் ஆச்சு. அந்த அஞ்சு வாரமும் மார்கழிக்கு முன்னாடி சீசன். ஒரு பைசா வருமானம் இல்ல. தெரிஞ்ச ஒருத்தர் வந்து, "புண்ணு மேல துணியைச் சுத்திட்டு ஓட்டும், எல்லாரும் அப்படித்தான் ஓட்டுதாவ"ன்னாரு. ஓட்டலாம்தான். வீட்டுல அரிசி வாங்கணும், மகளுக்கு ஃபீஸ் கட்டணும். நான் ரொம்ப நல்லவன்னு சொல்ல வரல, ஒரு நாள் காலையில துணியைக் கையில எடுத்தேன். என்னைப் பாத்ததும் கருப்பட்டி சுவரோட ஓரமா ஒண்டிக்கிச்சு. துணியைக் கொடியில போட்டுட்டு வந்துட்டேன்.

சரி, நல்ல வார் ஒண்ணு விலைக்கு வாங்கலாம்னு இன்டர்நெட்ல தேடினேன். "சின்ன அளவு"ன்னு போட்டிருந்த ஒண்ணை ஆர்டர் பண்ணினேன். எங்க வாங்கினேங்கிறதை விட்டுருவோம். வந்து பிரிச்சுப் பாத்தா, அவங்க சின்னதுன்னு சொல்றது அம்பது அங்குலக் குதிரைக்கு. கடிவாளத்தோட வாய்க்கம்பி அஞ்சு அங்குலம். கருப்பட்டி வாய்க்கு மூணே முக்கால்தான் வேணும். அகலமான கம்பி போட்டா ஒரு பக்கமா வழுக்கிப் போயி உதட்டைக் கிள்ளும். எல்லா வார்லயும் நான் புதுசா ஓட்டை போட்டு இறுக்கினேன். அப்பவும் பக்கிள் எல்லாம் எலும்பு மேல வந்து உக்காருது. பெரிய சட்டையை மடிச்சுத் தைச்சுப் போட்ட மாதிரி.

வெளிநாட்டுல இதைவிடச் சின்னக் குதிரைங்களுக்கே தனியா வார் செய்றாங்க. அமெரிக்காவுல ஒரு பதிவுச் சங்கத்துல மினியேச்சர் குதிரைன்னு பதிவு பண்ண 34 அங்குலத்துக்கு மேல போகக்கூடாது. அதுவும் முதுகு மேட்டுல அளக்கறது இல்ல, பிடரிமயிரோட கடைசி முடி இருக்கிற இடத்துல அளக்கறாங்க. இங்கிலாந்துல 1842-ல சட்டம் போட்டு பெண்களையும் சின்னப் பிள்ளைங்களையும் நிலக்கரிச் சுரங்கத்துக்குள்ள இறக்கக்கூடாதுன்னு நிறுத்தினப்புறம், அந்த வேலைக்கு ஷெட்லாண்ட் மட்டக்குதிரைங்களை நிறைய இறக்கினாங்க. அந்தக் குட்டைக் குதிரைங்களுக்குத் தனி அளவுல வார் தைச்சே ஆகணும். ஆனா அங்கேருந்து ஒரு செட் வரவழைக்க ஆகிற காசுக்கு இங்க இன்னொரு குதிரையே வாங்கலாம்.

அப்போதான் நாமளே செய்வோம்னு உக்காந்தேன். கல்லுல உருவம் எடுக்கத் தெரிஞ்சவனுக்கு ஒரு குதிரையோட முதுகை அளக்கத் தெரியாதா?

முதல்ல மூச்சுக்குழாய். கழுத்தோட அடியில விரலை வச்சுத் தடவினா வளையம் வளையமா தெரியும், அது நெஞ்சுக்குள்ள இறங்குற இடத்துல ஒரு குழி. அந்தக் குழிக்கு மேல வார் போகவே கூடாது. இன்னொரு பக்கம், தோள்ல முன்னால துருத்திக்கிட்டு ஒரு எலும்பு முனை இருக்கு. காலை எடுத்து வைக்கும்போது அது முன்னும் பின்னும் போகும். வார் அதுக்குக் கீழ வந்தா கால் எட்டு எடுக்க முடியாது, ஒவ்வொரு அடிக்கும் உராயும். ஆக, குழிக்குக் கீழ, எலும்பு முனைக்கு மேல. பெரிய குதிரைக்கு அங்க ஒரு சாண் இடம் இருக்கும். கருப்பட்டிக்கு என் கையில மூணு விரல். அந்த மூணு விரலுக்குள்ளதான் எல்லா விளையாட்டும். அகலமான வார் போட்டா அழுத்தம் பரவும், ஆனா இடம் இல்ல. அதனால நடுவுல கொஞ்சம் கீழ வளைஞ்சு, ரெண்டு ஓரமும் மேல ஏறுற மாதிரி வெட்டினேன். குழிக்கு இடம் விட்டு, தோள்ல நல்லா படியுது.

இந்த மூச்சுக்குழாய் விஷயத்துல ஒரு கதை இருக்கு. பிரான்ஸ்ல லெஃபெவ்ர் தெ நொவெத்னு ஒரு குதிரைப்படை அதிகாரி, 1910-ல பாரிஸ்ல சோதனை பண்ணிப் பாத்தாரு. பழைய ரோமானிய, கிரேக்கச் சித்திரங்கள்ல இருக்கிற மாதிரி தொண்டையில வார் கட்டி இழுக்க வச்சா, குதிரைக்கு மூச்சு முட்டி அரை டன்னுக்கு மேல இழுக்க முடியலன்னு சொன்னாரு. அதை வச்சு அவரும் அவருக்கப்புறம் வந்தவங்களும் பெரிய வரலாறே எழுதினாங்க. நெஞ்சுவார் சீனாவுல முதல்ல வந்தது, தோள்ல பதியிற கழுத்துப்பட்டை ஐரோப்பாவுக்கு வந்தப்புறம்தான் அங்க உழவே மாறிச்சுன்னு. அப்புறம் 1970-கள்ல ஸ்ப்ரூய்த்னு இன்னொரு பிரெஞ்சுக்காரர் பழைய தேரையும் வாரையும் அதே மாதிரி செஞ்சு ஓட்டிப் பாத்து, "நீங்க தப்பான இடத்துல கட்டிட்டு பழைய ஆளுங்களைக் குறை சொல்றீங்க"ன்னாரு. இதைப் படிச்சதும் எனக்கு ஒரு சின்ன ஆறுதல். தப்பான இடத்துல கட்டினது நான் மட்டும் இல்ல.

அடுத்தது சேணம். வண்டியோட ஏர்க்கால் ரெண்டும் இந்தச் சேணத்துலதான் தொங்குது, அதனால வண்டி எடையில ஒரு பங்கு முதுகுல விழும். எடை ரெண்டு பக்கத்துச் சதையில இறங்கணும், நடு முதுகெலும்புல ஒரு துளிகூடப் படக்கூடாது. மட்டக்குதிரைக்கு இன்னொரு தொல்லை, முதுகு பலாக்காய் மாதிரி உருண்டை. சேணம் நிக்காது, ஒரு பக்கமா உருளும், இல்லாட்டி முன்னால வழுக்கும். அதுக்குப் பயந்து வயித்துவாரை இறுக்கினா அங்க புண்ணு.

நான் என்ன செஞ்சேன்னா, வளைஞ்சா வளைஞ்சபடியே நிக்கிற மெல்லிசான அலுமினியக் கம்பியை முதுகு மேல வச்சு அழுத்தி, அந்த வளைவை அப்படியே அட்டையில வரைஞ்சேன். மூணு இடத்துல. மேட்டுக்குப் பின்னால ஒண்ணு, நாலு விரல் தள்ளி ஒண்ணு, இன்னொரு நாலு விரல் தள்ளி ஒண்ணு. சிலைக்கு முகம் எடுக்கிற மாதிரிதான். மூணு அட்டையும் மூணு மாதிரி இருந்துது. அதுமட்டும் இல்ல, இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும்கூட வித்தியாசம். அந்த அட்டையை வச்சு பூவரசம் பலகையில ரெண்டு துண்டு செதுக்கினேன். தூசுக்குப் பயந்து வெளியில உக்காந்து, முகத்துல துணி கட்டி, கை உளியாலதான். மேல ரெண்டையும் இணைக்க வெல்டிங் பட்டறையில ஒரு இரும்பு வளைவு. நடுவுல நாலு விரல் இடைவெளி, பின்னாலேருந்து குனிஞ்சு பாத்தா முதுகெலும்பு மேல வெளிச்சம் தெரியணும். அடியில பழைய கம்பளியை நாலு மடிப்பு தைச்சு வச்சேன். ரெண்டு தடவை செதுக்கினது சரியா வரல. மூணாவது தடவை, ஓட்டி முடிச்சு அவுத்தப்போ முதுகு பூரா ஒரே மாதிரி வேர்த்திருந்துது. வேர்வையைப் பாத்து சந்தோஷப்பட்டது அன்னைக்குத்தான்.

தையல் வேலைக்கு நாகர்கோவில் வடசேரியில செருப்பு தைக்கிற ஒரு அண்ணாச்சி. அவரு முதல்ல தோல் வேண்டாம்னுட்டாரு. "உம்ம ஊரு கடக்காத்துக்கும் குதிரை வேர்வைக்கும் தோலு மூணு மாசத்துல மரக்கட்டை ஆயிரும்வே, மழைக்காலத்துல பூஞ்சை பிடிக்கும்"னாரு. வெளிநாட்டுல பயோதேன்னு ஒண்ணு வச்சிருக்காங்க, நாடா மேல பிளாஸ்டிக் பூச்சு, தண்ணி ஊத்திக் கழுவினா போதும். நமக்கு அது கிடைக்கல. பழைய கார் சீட் பெல்ட் நாடாவை ரெண்டு மடிப்பு வச்சு, தோல்ல படுற பக்கம் கம்பளி வச்சுத் தைச்சோம். கம்பளியைக் கழட்டித் துவைக்கிற மாதிரி. இதுதான் முக்கியம். காஞ்ச வேர்வை உப்பு உப்புத்தாள் மாதிரி. எவ்வளவு நல்ல வாரும் துவைக்காம போட்டா புண்ணுதான்.

அப்புறம் ஒரு குறுக்குக் கட்டை. இது எனக்கு யாரும் சொல்லித் தரல, படங்களை உத்துப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். நெஞ்சுவார்லேருந்து ரெண்டு பக்கமும் போற இழுகயிறை நான் நேரா வண்டியில ஆணி அடிச்ச மாதிரி கட்டியிருந்தேன். குதிரை நடக்கும்போது இடது தோள் முன்னால போகும், அப்புறம் வலது தோள். வார் அசையலன்னா தோள்தான் வாருக்குள்ள உராயும். ஒரு மணி நேரத்துல எத்தனை ஆயிரம் தடவைன்னு கணக்குப் போட்டுக்குங்க. நடுவுல ஒரே ஒரு ஆணியில சுத்துற ஒரு கட்டையை வண்டி முன்னால மாட்டி, ரெண்டு முனையிலயும் இழுகயிறைக் கட்டினா, தோள் போற பக்கம் கட்டையும் போகும். வாரு தோளோட சேந்து நடக்கும். ஒரு முழக் கட்டை, ஒரு போல்ட்டு. அந்த ரெண்டு வெள்ளைப் புள்ளிக்கும் முக்கால்வாசிக் காரணம் இந்தக் கட்டை இல்லாததுதான்னு நான் நினைக்கிறேன்.

வண்டியையும் மாத்தினேன். 26 அங்குலச் சக்கரத்துல ஏர்க்கால் ரொம்ப உயரத்துல இருந்துது, 20 அங்குலச் சக்கரத்துக்கு இறக்கினேன். பலகையை முன்னும் பின்னும் நகத்துற மாதிரி செஞ்சேன். பிள்ளைங்க முன்னால உக்காந்தா எடை பூரா குதிரை முதுகுல. பின்னால சாஞ்சா ஏர்க்கால் மேல தூக்கி, அடிவயித்து வார் குதிரையை நெரிக்கும். ஆளு ஏறினப்புறம் ஏர்க்கால் முனையை ஒரு கையால தூக்கிப் பாப்பேன். ரெண்டு மூணு கிலோவுக்கு மேல கனக்கக்கூடாது. அந்தப் பெரியவர்கிட்ட இதைச் சொன்னப்போ, "ஒத்த மாட்டு வண்டிக்கும் இதான மக்களே கணக்கு, நீ கேக்கலயே"ன்னாரு. உண்மைதான், நான் கேக்கல.

பின்வார் ஒண்ணு, பின்னங்காலுக்கு மேல சுத்திப் போறது. என் வண்டியில பிரேக் கிடையாது. இறக்கத்துல வண்டி குதிரையை முட்டித் தள்ளும், குதிரை பின்பக்கத்தால தாங்கி நிறுத்தணும். பின்வார் இல்லாட்டி அந்தத் தள்ளு எல்லாம் சேணத்துலயும் வயித்துவார்லயும் விழும். வாலுக்கு ரொம்பக் கீழ போனா காலை வாரும், ரொம்ப மேல இருந்தா வாலுக்கடியில ஏறிடும். சமதரையில இழுக்கும்போது ஒரு கை நுழையிற அளவு தொய்வு இருக்கணும்.

இவ்வளவும் செஞ்சப்புறம் ஒரு நாள் மச்சான் ஒரு வேலை செஞ்சான். அவன் மீன் வியாபாரம். கொக்கித் தராசைக் கொண்டாந்து வண்டியில மாட்டி, "குதிரை எவ்வளவு இழுக்குன்னு பாப்போம்"னான். முதல்ல குதிரை எடை. நெஞ்சுச் சுத்தளவை சென்டிமீட்டர்ல எடுத்து அதை அதாலேயே பெருக்கி, உடல் நீளத்தால பெருக்கி, 11,880-ஆல வகுத்தா குத்துமதிப்பா கிலோ வரும். கருப்பட்டிக்குச் சுத்தளவு 112, நீளம் 105. ஏறக்குறைய 111 கிலோ. ஒரு குதிரை நாள் பூரா அலுப்பில்லாம இழுக்கிற இழுவை அதோட எடையில பத்துல ஒரு பங்குன்னு ஒரு கணக்கு. அதாவது 11 கிலோ. இப்போ பழைய பாரத்தை வண்டியில ஏத்தினோம். நான், பிள்ளைங்க மூணு பேருக்குப் பதில் ஒரு சிமெண்டு மூட்டையும் கொஞ்சம் கல்லும். தார் ரோட்டுல தராசை வச்சு இழுத்தா அஞ்சு கிலோ காட்டுச்சு. சொத்தவிளைக்குக் கொண்டு போயி அதே பாரத்தோட காஞ்ச மணல்ல இழுத்தோம், ரெண்டு பேரு சேந்து. முள்ளு நாப்பதைத் தாண்டிச்சு.

மச்சான் தராசைப் பாத்தான், என்னைப் பாத்தான். "அத்தான், நீரு வாருக்கு இவ்வளவு செலவு பண்ணியிருக்க வேண்டாம்"னான்.

அது முழுசா சரியில்ல, வாரும் தப்புதான். ஆனா அவன் சொன்னதுல பாதி உண்மை. நாலு மடங்கு இழுக்க வச்சிட்டு, எந்தப் பட்டு வாரைப் போட்டாலும் தோல் கிழியத்தான் செய்யும். அன்னையோட மணல்ல இறக்குறது நின்னுது. நான் மேல உக்காரதும் நின்னுது. இப்போ நான் லகானைப் பிடிச்சிக்கிட்டுப் பக்கத்துல நடக்கிறேன். என் இருமலுக்கும் அது நல்லதுதான்னு வீட்டுல சொல்றா. மேல ரெண்டே பிள்ளைங்க. முன்னே மூணு, சில நேரம் நாலு. வருமானம் அந்த அளவுக்குக் குறைஞ்சுது, மறைக்க ஒண்ணும் இல்ல. சுத்துக்குப் பத்து ரூபா கூட்டினேன். சில பேரு முறுக்கிக்கிட்டுப் போவாங்க.

சட்டம்னு ஒண்ணு இருக்கிறதும் அப்புறம்தான் தெரியும். 1965-லயே மத்திய அரசு வண்டி இழுக்கிற, பொதி சுமக்கிற மிருகங்களுக்கு விதி போட்டிருக்கு. ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல கூடாது, தொடர்ந்து அஞ்சு மணி நேரத்துக்கு மேல கூடாது, 37 டிகிரிக்கு மேல வெயில் அடிக்கிற இடத்துல மதியம் பன்னிரண்டுலேருந்து மூணு வரைக்கும் பூட்டவே கூடாது. முள்ளு வச்ச கடிவாளம், உறுத்துற வார் எல்லாமே தப்பு. நான் போட்ட முதல் வார் சட்டப்படியே குத்தம். யாரும் வந்து கேட்டதில்ல, அது வேற விஷயம். ரேக்ளா பந்தயக்காரங்க சில பேரை மதுரைப் பக்கம் பாத்துப் பேசினேன். அவங்க உயரத்தை அங்குலத்துல அளந்து குதிரையைப் பிரிச்சு ஓட விடுறவங்க. அளவு விஷயத்துல கில்லாடிங்க, வார்ல இருக்கிற நுணுக்கமும் தெரியும். ஆனா அவங்க வண்டி ஓடுறது கொஞ்ச நேரம். என் வண்டி ஓடுறது சாயங்காலம் பூரா. ரெண்டுக்கும் ஒரே வார் ஆகாது.

இன்னும் ஒரு விஷயம் எனக்கு முடிவாகல. வாலுக்கடியில போற வார். சேணம் முன்னால வழுக்காம இருக்க அது வேணும். அங்க தோல் ரொம்ப மெல்லிசு. துணியைச் சுருட்டி உள்ள வச்சுப் பாத்தேன், சைக்கிள் டியூப் போட்டுப் பாத்தேன், அது வேர்வையில ஒட்டிக்கிடுது. இப்போ பனியன் துணி சுத்தியிருக்கேன், தேங்காயெண்ணெய் தொட்டு வைக்கிறேன். நல்லாத்தான் இருக்கு, ஆனா ரெண்டு நாளைக்கு ஒரு தடவை மாத்தணும். கேக்கிறவங்கள்ல யாருக்காவது நல்ல வழி தெரிஞ்சா சொல்லுங்க.

போன மாசம் கொட்டாரத்துலேருந்து ஒருத்தர் வந்தாரு. அவரும் ஒரு மட்டக்குதிரை வாங்கியிருக்காரு. "உங்க வார் மாதிரியே ஒண்ணு செஞ்சு குடுங்க, அளவு எழுதிக் கொண்டாந்திருக்கேன்"னு ஒரு பேப்பரை நீட்டினாரு. நான் பேப்பரை வாங்கல. குதிரையைக் கொண்டுவாங்கன்னேன். "வண்டி வாடகை ஆகுமே"ன்னாரு. சரி நானே வாறேன், அலுமினியக் கம்பியும் மூணு அட்டையும் எடுத்துக்கிட்டு ஞாயித்துக்கிழமை வாறேன்னு சொல்லியிருக்கேன். இந்த ஞாயிறுதான்.